வசந்தா இடமாகச் சுற்றிய மரம்

கூடப் பிறக்காமலே என்னை அக்காவாக்கிக்கொண்ட வசந்தாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாத கடிதம் இது. அதனால் சண்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வாரம் நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உன் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். உனக்குச் சாமந்தி வாசனை பிடிக்காது என்று ஒருத்தருக்காவது ஞாபகம் வந்ததா? ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர், பக்தியுள்ளவர், பௌர்ணமி கிரிவலம் தவறாதவர் என்று. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயா அதிர்ந்து பேசாதவள்? டிரங்க் லைன் கிடைக்காத நாட்களில் வேலூர் ஆபரேட்டரோடு நீ போட்ட சண்டை தேரடி வரைக்கும் கேட்டிருக்குமே!

அந்தக் குருவியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மேரி, "நீங்க பேசுங்கக்கா"னு என்னைத் தள்ளிவிட்டாள். எழுந்து நின்றேன். உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே உனக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். என் வசந்தா யாரென்று இந்த ஊருக்குத் தெரியவேண்டும்.

நாம் பறவை பார்க்க ஆரம்பித்த கதையே வேடிக்கைதான், இல்லையா? என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில், ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காமல் போன பைனாகுலர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுத்திரம் ஏரிக்குப் போனோம். சும்மா, பொழுதுபோக்குக்கு. நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் பார்த்துவிட்டு வந்த பிறகு உனக்குத் தூக்கமே போய்விட்டது. அடுத்த மாதமே மெட்ராஸிலிருந்து பறவைப் புத்தகம் வரவழைத்துவிட்டாய்.

ஏரிக்கரையில் புடவை கட்டிய இரண்டு பெண்கள் பைனாகுலரோடு நின்றால் ஊர் சும்மா இருக்குமா? ஒருநாள் மாடு ஓட்டி வந்த பெரியவர் கேட்டார். "இன்னாம்மா, சர்வே எடுக்கிறீங்களா?"

நீ பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "ஆமாங்க. உங்க வீட்டு மேலதான் ரோடு போவுது" என்றாய். அவர் மாட்டை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க ஓடினார். பிறகு பின்னாலேயே போய்ச் சமாதானம் சொன்னது நான்.

அந்தப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் புரட்டிப் போயிருப்பார்கள். நிறமே இல்லாத குருவி. மரப்பட்டையைக் கிள்ளி எடுத்து உருட்டிச் செய்ததுபோல் பழுப்பும் கறுப்புமாக ஒரு முதுகு, கொக்கி ஊசி மாதிரி வளைந்த மூக்கு. இமயமலைப் பக்கத்துப் பைன் காடுகளில் இருக்குமாம். மரத்தின் அடியில் வந்து உட்கார்ந்து, தண்டைச் சுற்றிச் சுற்றி உச்சி வரை ஏறி, அங்கிருந்து பறந்து அடுத்த மரத்தின் அடிக்குப் போகுமாம். மரமேறி என்று நாமே பெயர் வைத்தோம். மயிலையும் பஞ்சவர்ணக் கிளியையும் விட்டுவிட்டு உனக்கு இது ஏன் பிடித்தது என்று கேட்டேன்.

"சுத்திக்கினே இருக்குதேக்கா. மலையச் சுத்துற நம்மூர் ஜனங்க மாதிரி இல்ல?"

சுற்றுவது உனக்கு விளையாட்டு இல்லை. கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லாமல், பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி வந்து பெற்ற பிள்ளை சீனு. அவன் பிறந்த பிறகும் நீ நிறுத்தவில்லை. பேச்சுத்துணைக்கு நானும் உன்னோடு வந்திருக்கிறேன். அடி அண்ணாமலை வந்ததும் வழக்கமாக ஒரு கல்லில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாய். அங்கேதான் ஒருமுறை சொன்னாய்.

"ஒவ்வொரு சுத்தும் ஒரு முடிச்சுக்கா. இப்படி முடிச்சுப் போட்டுத்தான் அவன எங்கிட்ட கட்டி வெச்சிருக்கேன். தப்பித் தவறி இடமா சுத்துனா அவுந்துடும்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மலையை மட்டும் சொல்லவில்லை நீ. எக்ஸ்சேஞ்சில் நடுவில் போட்டிருந்த பெரிய மேஜையின் வலது மூலையில் டீ பிளாஸ்க் இருந்தால், பக்கத்தில் இருக்கிறதே என்று எட்டி எடுக்கமாட்டாய். மேஜை உன் வலக்கைப் பக்கம் வருகிற மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் போய் எடுத்து வருவாய். மேரி பிளாஸ்க்கை வேண்டுமென்றே அந்த மூலையில் வைப்பாள்.

எழுபதுகளின் கடைசியில், மெட்ராஸ் பறவை நண்பர்கள் சிலர் ராணிகேத் போகிறார்கள் என்று தெரிந்ததும் நீ பிடிவாதம் பிடித்தாய். நம் இரண்டு பேருக்கும் எல்.டி.சி. பயணச் சலுகை பாக்கி இருந்தது. ஆபீசே சிரித்தது. "எல்.டி.சி.ல காசிக்குப் போவாங்க, ராமேஸ்வரம் போவாங்க. குருவி பாக்க இமயமலைக்கா?" என்றார் சூப்பர்வைசர். நீ எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாய். "மரமேறியப் பாக்காம இந்த எக்ஸ்சேஞ்சுக்குள்ள காலெடுத்து வெக்கமாட்டேன் சார்." உன் வீட்டுக்காரர் ராமலிங்கம் மட்டும்தான், "போய்ட்டு வா, நான் சீனுவப் பாத்துக்கறேன்" என்றார். அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு.

ராணிகேத் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவேண்டியதில்லை. அக்டோபர் குளிர். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் வீட்டுக்காரரின் கோட்டு என்று நீ மூட்டை மாதிரி நடந்தாய். பைன் காட்டைப் பற்றி என்னவோ நினைத்துப் போனோம். போனால் அங்கே ஒரே அமைதி. தரையெல்லாம் ஊசி ஊசியாகக் காய்ந்த இலை, கால் வைத்தால் எண்ணெய்த் தரை மாதிரி வழுக்கும். மரங்களில் பட்டையைச் சீவிவிட்டுப் பிசின் இறங்க மண் கிண்ணம் மாட்டியிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் மரம்தான். பறவை எங்கே?

நம்மைக் கூட்டிப்போன ரங்கநாதன் சார் நல்ல மனிதர். ஆனால் அவர் குழுவுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு பறவையை இரண்டு பேராவது பார்த்தால்தான் அது குழு பார்த்ததாகக் கணக்கு. ஒருத்தர் மட்டும் பார்த்தால் அது அவரவர் சந்தோஷம், அவ்வளவுதான். "மரமேறியப் பாக்கறது குதிரைக்கொம்பும்மா. நானே ரெண்டு ட்ரிப்புல கோட்டை விட்டிருக்கேன்" என்று முதல் நாளே சொல்லி வைத்தார்.

நமக்கு அது முதல் நாளே கிடைத்தது. கிடைத்தது என்றால், சத்தம். நாள் முழுக்க ஹெட்போனில் இரைச்சலுக்கு நடுவே ஆள் குரலைப் பிடித்துப் பழகிய காதல்லவா! ஊசிமுனை மாதிரி ஒரு மெல்லிய 'ஸ்ஸீ'. ஒரே நேரத்தில் இருவரும் திரும்பினோம். தண்டின் ஓரத்தில் ஏதோ அசைந்தது, மறுபக்கம் போய்விட்டது. சுற்றிப் போனோம். அங்கே இல்லை. இன்னும் சுற்றினோம். இல்லை. உச்சியிலிருந்து ஒரு நிழல் பறந்து அடுத்த மரத்தடிக்குப் போனது. அந்த மரத்தையும் சுற்றினோம். அடுத்ததையும். நாள் முழுக்க அந்தக் காட்டையே வலம் வந்தோம், பார்த்ததெல்லாம் வால் நுனி.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் ரங்கநாதன் சார் ஒரு பாறையில் உட்கார்ந்து நம்மைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "என்னம்மா இது! ரெண்டு பேரும் ஜோடியா ஒரே பக்கமா சுத்தறீங்க. அது உங்களுக்கு மறைவா, உங்களுக்கு முன்னாலயே சுத்திண்டு போறது. ஒருத்தர் நில்லுங்கோ, ஒருத்தர் சுத்துங்கோ. சுத்தறவாளுக்குப் பயந்து நிக்கறவா பக்கம் வரும்."

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உனக்காவது வேண்டுதல். எனக்கு என்ன? நான் பள்ளிவாசல் தெருப் பெண். ஆனாலும் திருவண்ணாமலையில் பிறந்த கால் அல்லவா? எதைச் சுற்றினாலும் கூட்டத்தோடு, பேசிக்கொண்டே, வலமாகத்தான் போகும். நின்று பார்க்கலாம் என்று நம் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவே இல்லை. உலகத்தில் வேறெந்த ஊர்க்காரியும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள்.

கடைசி நாள் காலை. மதியம் பஸ் ஏறவேண்டும். சரிவின் ஓரமாகப் போகும் பாதையில் மறுபடி அந்த 'ஸ்ஸீ'. இந்தமுறை நீதான் முதலில் பிடித்தாய். பாதை விளிம்பில் ஒரு தடித்த பைன் மரம். அதன் இடப்பக்கம் மழையில் மண் சரிந்து ஒரே பள்ளம். வலப்பக்கமாக மட்டும்தான் கால் வைத்துப் பின்னால் போகலாம். அப்படிப் போனால் மரம் நம் இடக்கைப் பக்கம் வரும். நீ ஓரடி வைத்துவிட்டுக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாய்.

"அய்யய்யோ, நான் மாட்டேன்க்கா."

"உன்னை யாரு போகச் சொன்னா? நீ நில்லு. எங்க ஆளுங்க மக்காவுல அப்படித்தான் சுத்துவாங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

நான் மரத்தை இடக்கைப் பக்கம் வைத்து மெதுவாகப் பின்னால் போனேன். எனக்கு மரப்பட்டையும் பிசின் கிண்ணமும்தான் தெரிந்தது. ஆனால் உன் பக்கத்திலிருந்து மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நீ பைனாகுலரைத் தூக்கக்கூட மறந்து நின்றாய். கைக்கெட்டும் தூரத்தில் வந்திருக்கிறது. உன் முகத்தை அப்படி நான் பார்த்தது இரண்டு முறைதான். இன்னொன்று, ஆஸ்பத்திரியில் சீனுவை உன் கையில் கொடுத்தபோது.

"பாத்துட்டேன்க்கா! வாலைப் பட்டையில ஊணிக்கினு... வயிறு வெள்ளை... பாத்துட்டேன்!" என்று குதித்தாய். அடுத்த நிமிடமே உன் முகம் வாடிவிட்டது. சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. நீ மட்டும்தானே பார்த்தாய்.

"அக்கா, நீயும் பாத்தேன்னு சொல்லிடேன்."

"பாக்காதத எப்படிடி பாத்தேன்னு சொல்றது?"

"எனக்காகக்கா."

"உனக்காக உயிர வேணா கேளு. பொய்ய மட்டும் கேக்காத."

நீ கோபித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். குருவி அதற்குள் அடுத்த மரத்தின் அடிக்குப் போய்விட்டிருந்தது. அதுவும் அதே விளிம்பில்தான். அதற்கும் இடப்பக்கம் பள்ளம். நீ அந்த மரத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். செருப்பைக் கழற்றினாய்.

"நீ நில்லுக்கா. நான் சுத்துறேன்."

"வேணாம் வசந்தா. நீ பாத்துட்டல்ல, போதும்."

"உனக்குத் தெரிய வேணாமா? எத்தினி நாளா என் பின்னாலயே சுத்திக்கினு இருக்க. பேசாம நில்லு."

கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாய். உதடு என்னவோ முணுமுணுத்தது. மரத்தை இடக்கைப் பக்கம் வைத்து, அந்த ஊசி இலைகள் மேல் வெறுங்காலோடு, கண்ணாடித் துண்டு கிடக்கிற இடத்தில் நடப்பதுபோல் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தாய். மறைந்தாய். தண்டின் ஓரத்தில் முதலில் ஒரு வளைந்த மூக்கு வந்தது. பிறகு முழுக்குருவி.

எவ்வளவு சின்னது வசந்தா! நம்மூர்ச் சிட்டுக்குருவியைவிடச் சின்னது. பட்டையின் வெடிப்புகளில் மூக்கை விட்டு விட்டு, வால் நுனியை ஊன்றி, துள்ளித் துள்ளி ஏறியது. காலை வெயில் பட்டதும் அந்த நிறமில்லாத முதுகில் எத்தனை நிறம்! வாலில் கோடு கோடாகக் கறுப்பு. புத்தகத்தில் போட்டிருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அது என்னைத் தாண்டி மேலே போகிற வரைக்கும் நான் மூச்சுவிடவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"தெரிஞ்சுதாக்கா?" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "தெரிஞ்சுதுடி" என்றேன்.

ரங்கநாதன் சார் ஓடிவந்து உனக்கும் எனக்கும் கை கொடுத்தார். அந்தக் குழுவில் அதுவரை ஒருவருமே பார்க்காத பறவை அது. எல்லோரும் கை தட்டினார்கள். நீ சிரித்தாய், ஆனால் உன் சிரிப்பு சரியில்லை. "போஸ்ட் ஆபீசு எங்க சார் இருக்குது?" என்று கேட்டாய்.

ஊருக்கு போன் போட்டுப் பீற்றிக்கொள்ளப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பாய் என்று நானும் ஆசையாகப் பின்னால் வந்தேன். நீ அர்ஜென்ட் கால் புக் பண்ணினாய். உன் வீட்டில் போன் கிடையாது, எதிர் மளிகைக்கடை நம்பர்தான். பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாய். அடி அண்ணாமலைக் கல்லில் உட்கார்ந்து நீ சொன்ன முடிச்சு அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ஒரு குருவியைக் காட்டுவதற்கு நீ எதைப் பணயம் வைத்தாய் என்று தெரிந்ததும் பெஞ்சில் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"ஏண்டி, பின்னால போனவ அதே வழியிலதானே திரும்பி வந்த? வரும்போது மரம் வலப்பக்கம்தானே இருந்துது? அவுந்தது தானே முடிஞ்சுக்கிச்சு" என்றேன். நீ சிரிக்கவில்லை.

லைனில் டெல்லி வந்தது, மெட்ராஸ் வந்தது, வேலூர் வந்தது. கடைசியில் நம் மேரியின் குரல். "யாரு, வசந்தாவா? குருவி கெடச்சுதா?" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது. "மேரி, கடைக்குப் போடு. சீக்கிரம்" என்றாய். கடைக்காரர் எடுத்ததும், "சீனுவக் கூப்பிடுங்கண்ணே, சீனுவ" என்றாய். அவன் ஓடிவருகிற வரைக்கும் நீ ரிசீவரைக் காதோடு அழுத்தி வைத்திருந்தாய். லைன் இரைந்துகொண்டே இருந்தது.

பிறகு அந்தச் சின்னக் குரல். "அம்மா! காக்கா பாத்தியா?"

"பாத்தேன்டா கண்ணு. நீ நல்லா இருக்கியா? ஜொரம் கிரம் இல்லியே? கீழ ஒண்ணும் விழலியே?"

"இல்லியே. நீதான் எங்க இருக்கன்னே தெரியல" என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தான். ரிசீவரை என் காதில் வைத்து அந்தச் சிரிப்பைக் கேட்கச் சொன்னாய். அதன் பிறகுதான் அழுதாய். அழுது முடித்த பிறகுதான் அந்தக் குருவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். டெல்லி போய்ச் சேரும் வரை வாயை மூடவில்லை.

அமைதியானவளாம், பக்தியுள்ளவளாம்! சாமிக்குப் பயப்படுகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பயம் அப்படியே நெஞ்சில் இருக்க, சிநேகிதிக்காக எதிர்ப்பக்கம் கால் எடுத்து வைத்தவள் நீ ஒருத்திதான். யார் கேட்டாலும் நான் மார் தட்டிச் சொல்லுவேன், அவள் என் தங்கச்சி என்று. இத்தனை வருடத்தில் நீ அதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லையே, ஏன்?

இங்கே சேதி கொஞ்சம் சொல்கிறேன். நம்மூரைத் தனி மாவட்டமாக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. எஸ்.டி.டி. வந்தபிறகு டிரங்க் கால் கம்மியாகிவிட்டது, மேரிக்குப் பேச ஆளில்லை. பிளாஸ்க் இன்னும் அந்த வலது மூலையில்தான் இருக்கிறது. நேற்று அவள் எழுந்து மேஜையைச் சுற்றிப் போய் டீ எடுத்து வந்தாள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடம் எங்களுக்கு ஹஜ் போக வாய்ப்பு வரும்போல் இருக்கிறது. அங்கே இடமாகச் சுற்றும்போது அந்த ஊசி இலைகளும் உன் வெறுங்காலும் எனக்கு ஞாபகம் வரத்தான் செய்யும்.

சீனு உன்னைவிட ஓர் அடி உயரம் வளர்ந்துவிட்டான். உனக்குக் காமாலை முற்றிப் படுத்தபிறகு நடக்க முடியாமல் போன பௌர்ணமிகளுக்காக அவன் நடக்கப்போகிறானாம். "பெரியம்மா, நீங்களும் வரீங்களா, அம்மா கூட வந்த மாதிரி?" என்று நேற்று வந்து கேட்டான். ராணிகேத்திலிருந்து நீ ஏன் அப்படிப் பதறிப்போய் போன் போட்டாய் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. நீ சொல்லவே இல்லையாம்.

நான் போகிறேன் வசந்தா. நீ எனக்காக ஒரு மரத்தை என் வழியில் சுற்றினாய். நான் உன் மலையை உன் வழியில் சுற்றி வருகிறேன், உன் பிள்ளையோடு பேசிக்கொண்டே. அடி அண்ணாமலையில் அந்தக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். "உங்கம்மா உன்னப் பணயம் வெச்சுத்தான்டா எனக்கு ஒரு குருவியக் காட்டுனா" என்பேன். அவன் நம்பமாட்டான். கடகடவென்று சிரிப்பான்.

சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தானே அன்றைக்கு நீ அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டாய்? இருக்கிறது வசந்தா. இனிமேல் அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

சீனுவின் பெரியம்மா,
கதீஜா